பூஜையில் வைத்த கேமரா

1. சந்தன வாசம்

கேமராவை வாங்கி மேஜையில் வைத்ததுமே சந்தன வாசம் வந்தது. லென்ஸுக்கு மேலே ஒரு பொட்டு, பின்மூடியில் ஒரு பொட்டு, வாரில் காய்ந்துபோன அரளிப்பூ. ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் எங்கள் கடைக்கு வரும் கேமராக்கள் பெரும்பாலும் இந்தக் கோலத்தில்தான் வரும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அன்று துடைக்கப் போன என் கையை, அதைக் கொண்டுவந்த அம்மா தடுத்துவிட்டார்.

"பைய அண்ணாச்சி. உள்ள பிலிமு இருக்கு. எம் மவன் எடுத்தது."

வண்ணார்பேட்டையில் ஒரு கலர் லேபில் பிலிம் கழுவுகிறவன் நான். டெவலப்பிங் என்று போர்டில் இருக்கும். ஊர்வாயில் அது கழுவுவதுதான். பெரிய மெஷினை எடைக்குப் போட்டு, இனி பிலிமின் காலம் முடிந்தது என்று உட்கார்ந்திருந்தபோது, கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிற பையன்களும் பழைய கேமராக்களைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். அதனால் இப்போது டாங்கில் போட்டுக் கையாலேயே கழுவுகிறேன்.

அவர்கள் எடுப்பது கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. டீக்கடையில் கூட்டாளி, வாயைப் பிளந்து தூங்கும் அப்பா, அடுப்படியில் அம்மா. "இதைப் போன்ல எடுத்தா என்னலே கேடு?" என்று கேட்டால் சிரிப்பார்கள். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால், அந்தக் காலத்தில் என் கையில் வந்த அம்மாக்கள் எல்லாரும் பட்டுச்சேலை கட்டி வரிசையில் நின்றவர்கள். இந்தப் பையன்கள் எடுத்த அம்மாக்கள் முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

வந்த அம்மாவின் பெயர் பேச்சியம்மாள். சேரன்மகாதேவிப் பக்கம் வாழைத்தோட்டத்துக் கூலி வேலை. ஒரே மகன் முத்துக்குமார் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் பிட்டராக இருந்திருக்கிறான். அங்கேதான் இந்தக் கேமராவை யாரிடமோ பழையதாக வாங்கியிருக்கிறான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரமே பைக்கில் போகும்போது லாரி மோதிவிட்டது.

"ஒரு வருஷம் பண்டிகை கிடையாதுல்லா. இந்த வருஷந்தான் பூஜை போட்டோம். அவன் அப்பா மம்பட்டி, வெட்டரிவா, என் கதிரருவா எல்லாத்தையும் கழுவி வச்சேன். அவனுக்குன்னு வைக்க வேற என்ன இருக்கு? இதத்தான் எடுத்துத் தொடச்சேன். பக்கத்துல இருந்த ஒரு குமிழை இழுத்தேன், பொறத்தால தொறந்துட்டு. பாத்தா உள்ள பிலிமு! எனக்குப் படபடன்னு வந்துட்டு அண்ணாச்சி. எடுத்த பிலிமைக் கழட்டிக் கொண்டுபோயி அவன் அங்கனயே கழுவியிருப்பான்னுல்லா நெனச்சிருந்தேன்."

துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "தொறந்து எவ்வளவு நேரம்மா வச்சிருந்திய?"

"முத்தத்துல வெயில்ல வச்சுத்தான் தொடச்சேன். உள்ளயும் தூசி. ஊதி எடுத்துட்டு அங்கனயும் ஒரு பொட்டு வச்சேன். சூடம் காட்டி முடிக்கிற வரைக்கும் தொறந்தேதான் இருந்துது."

சொல்லும்போது அந்த முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மகன் விட்டுப்போன புதையலைத் தானே தோண்டி எடுத்துவிட்ட பூரிப்பு. அவர் திறக்காமல் இருந்திருந்தால் அதற்குள் பிலிம் இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. திறந்து வெளிச்சம் பட்டதால்தான் அது போயிற்று.

2. கடைசிப் படம்

அது கையால் பிலிமை நகர்த்தும் ரகம். எடுத்த படமெல்லாம் வலது பக்க உருளையில் கயிறு சுற்றுவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே போகும். முதலில் எடுத்தது அடியில் இருக்கும். கடைசியில் எடுத்தது மேலே இருக்கும். பின்மூடி திறந்தால் வெளிச்சம் மேல் சுற்றிலிருந்துதான் தின்னத் தொடங்கும். அடிச்சுற்று தப்பினால் உண்டு.

எந்தப் படம் முக்கியம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கடைசியா எடுத்தது. அது நான் எடுத்தது அண்ணாச்சி. 'எம்மா, எல்லாரையும் நான் எடுக்கேன், என்னைய யாரு எடுக்கா? நீ ஒண்ணு அமுக்கு'ன்னு எங் கையில குடுத்தான். துண்டைத் தலையில கட்டிக்கிட்டு வாழைக்குள்ள நின்னான். பல்லு அம்புட்டும் தெரியச் சிரிச்சான். அடுத்த லீவுல வந்து எடுக்கேன்னு கேமராவ வச்சிட்டுப் போனவந்தான்."

அவனுடைய போன் ரோட்டிலேயே நொறுங்கிவிட்டதாம். வீட்டில் மாட்டியிருப்பது லைசென்ஸிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய படம்.

"அதுல மொறச்சுட்டு இருக்கான் அண்ணாச்சி. எம் பிள்ளைக்கு மொறைக்கவே தெரியாது. வாரவுக எல்லாம் அதப் பாத்துட்டு, கோவக்காரப் பயலோன்னு கேக்காவ."

நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே கணினி முன்னால் இருந்த முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் இளையவர், விவரமானவர்.

"இப்பவே சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி? எதுக்கு ஆசை காட்டுதிய?"

"கழுவிப் பாக்காம எப்படிச் சொல்ல?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும்."

தெரியும். ஆனாலும் மற்ற ரோல்களை ஒதுக்கிவிட்டு அன்றைக்கே புது மருந்து கலந்தேன். கறுப்புப் பைக்குள் கைவிட்டுப் பிலிமை ரீலில் ஏற்றும்போது ஓர் இடத்தில் சொரசொரவென்று விரலில் தட்டியது. காய்ந்த சந்தனம். சூட்டைப் பார்த்து, டாங்கை ஆட்டி, மருந்து மாற்றி, அலசி, எந்தச் சாமியையும் கும்பிடாத நான் அன்றைக்கு இரண்டொரு சாமியைக் கூப்பிட்டும் பார்த்தேன். பிலிமை வெளியே இழுத்தேன். முக்கால்வாசி கன்னங்கரேலென்று இருந்தது. அச்சுப் போட்டால் வெறும் வெள்ளைத்தாள்தான் வரும்.

அந்தக் கறுப்பையும் விடாமல் ஸ்கேனரில் போட்டு வெளிச்சத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒரு வாழையிலைகூடத் தட்டுப்படவில்லை. முன்பகுதியில் மட்டும் சில படங்கள் ஓரம் சிவந்து தப்பியிருந்தன. டீக்கடை பெஞ்சில் தோள்மேல் கைபோட்ட கூட்டாளிகள். வாய்க்காலில் கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டும் அப்பா. புகைக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு அடுப்பு ஊதும் அம்மா. நல்ல கை அந்தப் பையனுக்கு. எல்லாரையும் அவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்கிறான். எடுத்தவனைத் தவிர எல்லாரும் அதில் இருந்தார்கள்.

3. என் கையில்

மறுநாள் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தார். சுடலைமுத்து, அதிகம் பேசாத மனிதர். படங்களை மேஜையில் பரப்பினேன். கூட்டாளிகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் காட்டினார் அந்த அம்மா. தன்னையே பார்த்து, "ஐய, இந்தக் கோலத்துலயா எடுத்தான்!" என்று சிரித்தார். கடைசித் தாள் வரை பார்த்துவிட்டு, ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று அதை நகத்தால் பிரித்துப் பார்த்தார்.

"நான் எடுத்தது எங்க?"

"பின்னால உள்ளதெல்லாம் வரலம்மா. வெளிச்சம் பட்டுட்டு."

"வெளிச்சமா?" கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். "வெளிச்சம் பட்டா போயிருமா? அப்ப அன்னைக்கு முத்தத்துல நான்..."

கை வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கை வாயைத் தொடும்முன் நான் பேசிவிட்டேன்.

"இங்கதாம்மா பட்டுது. நான்தான். கழுவும்போது என் கையில தவறிட்டு."

யோசித்துச் சொன்னதில்லை. நல்லவன் என்று பேர் வாங்கவும் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து சொன்னேன், அவ்வளவுதான்.

சுடலைமுத்துவுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "ஏ வே, நீரெல்லாம் ஒரு தொழில்காரரா? ஒத்தப் புள்ள வே! உமக்கெல்லாம் கை வெளங்குமா?" கடைக்கு வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளிக்கு உண்மை தெரியும். கெடுவது அவருடைய கடைப் பேர்தானே? காட்டிக்கொடுக்காமல் விட்டதே பெரிது.

திட்டட்டும் என்று நின்றேன். சொல்லப்போனால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பழி இறங்க ஓர் இடம் கிடைத்துவிட்டது, இனி அந்த அம்மா பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

அந்த அம்மா என்னைத் திட்டவே இல்லை. புருஷனின் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவுகள ஏன் ஏசுதிய? அவுகளா நம்ம வீட்டுக்கு வந்து கேட்டாவ? பூஜையில வச்ச எடத்துலயே வச்சிருந்தா எம் புள்ள உள்ளயே பத்திரமா இருந்திருப்பான். பாக்கணும் பாக்கணும்னு அலைஞ்சு நான்தான கொண்டாந்து குடுத்தேன்? நான்தான் கெடுத்தேன்."

படங்களை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். கேமராவை எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது.

4. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

பூஜைக்கு வைத்த கேமரா வந்தால் முதலில், எத்தனை படம் எடுத்தாயிற்று என்று காட்டும் கவுண்டர் எண்ணைப் பாருங்கள். பழைய எண் அழிந்து ஆரம்பத்துக்குப் போயிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பிலிம் வாங்கிப் போகிற பிள்ளைகளிடமும் சொல்லி அனுப்புங்கள்: வீட்டில் அம்மாவிடம் சொல்லி வையுங்கள், வெளியே மட்டும் பொட்டு வைக்கச் சொல்லுங்கள் என்று. நான் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார்கள்.

நான் கற்றது வேறு. பழியை நான் வாங்கிக்கொண்டால் அந்த அம்மாவுக்கு அது இல்லாமல் போகும் என்று நினைத்தேன். பெத்த மனம் பித்து என்பது தெரிந்த சொல்தான். எவ்வளவு பித்து என்று அன்றுதான் தெரிந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால், நான் திறந்தேன் என்று அழுதிருப்பார். பொய்யைச் சொன்னேன், நான் கொண்டுவந்தேன் என்று அழுதுகொண்டு போனார்.