சாட்சியில் இல்லாத பெயர்

என் தங்கச்சி ஆகிலாவின் புருஷன் சுஜிந்தன் பொய்க்காரன் அல்ல. கல்முனையில் கல்யாண வீடு, பள்ளிவாசல் கந்தூரி, கோயில் திருவிழா, எதுவென்றாலும் ஸ்பீக்கர் கட்டுவது அவன்தான். பேசிய வாடகைக்கு மேல் ஒரு சதம் கேட்கமாட்டான். அப்படிப்பட்டவன் சபையில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்லத் தொடங்கினால்தான் கோளாறு.

கர்த்தர் நமக்குச் செய்த நன்மையை எல்லாருக்கும் முன்னால் எழுந்து சொல்வதுதான் சாட்சி. அவனுடையது எப்போதும் ஒன்றுதான்: பிள்ளைப்பேற்றில் ஆகிலா இரத்தம் போய்ச் சாகக் கிடந்த கதை. முதல் தடவை சொன்னபோது அதில் அப்துல் ஹமீட் நானா இருந்தார். சுஜிந்தனின் கடைக்குப் பக்கத்தில் டயர்க் கடை வைத்திருப்பவர்; அண்ணன் முறையில் எல்லாரும் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். ஆகிலாவின் இரத்த வகை இலேசில் கிடைக்காது; அவருக்கும் அதே வகை. அவர் தன் மகள் ஸப்னாவின் வலீமா என்ற கல்யாண விருந்தில் சம்பந்திமாரை உட்கார வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து கையை நீட்டினார்.

இரண்டாம் தடவை அவர் வெறும் 'ஒரு சகோதரன்' ஆனார். மனுஷனுக்கு மகிமை போகக்கூடாது என்று பாஸ்டர் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்தச் சகோதரனும் காணாமல் போனார். கதையில் ஆள் குறையக் குறைய அல்லேலூயா கூடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதுதான்.

போன வாரம் சபை வளவில் வெளிக்கூட்டம். பாஸ்டர் சொன்னபடி சுஜிந்தன் ஒரு ஹோர்ன் ஸ்பீக்கரை முஸ்லிம் தெருப் பக்கம் திருப்பிக் கட்டினான். அவர்களும் கேட்கட்டுமாம். நன்றாகக் கேட்டார்கள்.

"எனக்கு உதவ ஒரு மனுசன் வரல்ல. கர்த்தர் ஒருவரே வந்தார்" என்று அவன் முழங்கினான்.

அடுத்த நாள் காலையில் ஹமீட் நானா அவன் கடைக்கு வந்தார்.

"தம்பி, ராவு நீ கதைச்சது எங்கட வாசல்வரைக்கும் கேட்டிச்சு. வீட்ட மர்ஷூதா கேக்கிறா, ஆரும் வரல்லயாமே, அப்ப வலீமாவ உட்டுப்போட்டு நீங்க எங்க போன எண்டு. நான் என்ன சொல்ல?"

"நானா, அது..." என்று சுஜிந்தன் இழுத்தான். அவர் தன் டயர்க் கடைக்குப் போய்விட்டார்.

சுஜிந்தன் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. விஷயத்தைக் கேட்டு ஆகிலா சத்தம் போடவில்லை. "என்ட உடம்பில ஓடுறது ஆர்ர இரத்தம் எண்டு உங்களுக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள். அவன் சின்னப்பிள்ளைபோல அழுதான். சபையில் திருத்திச் சொல்லட்டுமா என்று போனில் கேட்டான். பாஸ்டர், "சபையைக் குழப்ப வேணாம் பிரதர்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சபை கிடக்கட்டும். ஒரு நல்ல மனிசனை அவர்ர பொஞ்சாதிக்கு முன்னால பொய்யனாக்கிப்போட்டாய். போய்ச் சொல்லு" என்றேன்.

அன்று பின்னேரமே மூன்று பேரும் போனோம். கதவைத் திறந்தவர் நானாவின் மனைவி மர்ஷூதா ராத்தா. சுஜிந்தன் படியில் நின்றபடியே சொன்னான்.

"ராத்தா, அண்டைக்கு ஆகிலாவுக்கு இரத்தம் தந்தது நானாதான். நான் மைக்கில சொன்னது பொய். அவரச் சந்தேகப்படாதீங்க."

ராத்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சந்தேகமா? ஆரு சந்தேகப்பட்ட? சம்பந்திமார் கோவிச்சிக்கிட்டுக் கிடக்க, இரத்தம் குடுத்திட்டு வந்த மனிசனுக்குச் சோறு போட்டதே நான்தானே. நான் அவருக்கிட்ட ஒண்டுமே கேக்கல்ல. ராவு உங்கட ஸ்பீக்கரக் கேட்டதுல இருந்து அவர்தான் சாப்பாட்டத் தொடல்ல."

பின்னால் வந்து நின்ற ஹமீட் நானா தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொல்லி அகப்பட்டவர் அவர்தான் என்பதுபோல இருந்தது.

"உள்ள வா தம்பி, இரி" என்றார்.

சுஜிந்தனால் உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பி வரவும் முடியவில்லை.