மேலே நிலக்கரி, அடியில் கல்

அடக்கத்தன்று பாதிரியார் ஃபிகிலே ஸ்கொசானாவைச் சாந்தமானவள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் திறந்தால் நெருப்பைக் கொட்டுகிறவள் அவள். சுரங்க ஊரான எமலாஹ்லேனியில், எங்கள் மின் நிலையத்து வாசலில் பதினான்கு வருஷம், வந்திறங்கும் நிலக்கரியைச் சோதிக்க மாதிரி எடுத்தாள். லாரி மேல் ஏறி, ஆளுயரக் குழாயைக் குத்தி, அடிக்கரி வரை உருவிப் பையில் போட்டு முத்திரை வைப்பாள். பக்கத்து எடைமேடையில் லாரிகளின் வரவுச் சீட்டுக்கு முத்திரை குத்துகிறவள் நான், டுடு.

போன குளிர்காலத்தில் நான்காம் கொதிகலனுக்குப் புதுக் கருவி பூட்டினார்கள். புகையிலிருக்கும் சாம்பலைத் துணிப்பைகளில் வடிகட்டி, கந்தக வாயுவைச் சுண்ணாம்புக் குழம்பில் பிடித்துவிடும். தொண்ணூறு நாள் சோதனை. சரிப்பட்டால் மற்ற ஐந்து கொதிகலன்களுக்கும் உண்டு. இல்லையென்றால் நாங்கள் பழையபடி புகையைத் தின்ன வேண்டியதுதான். கழுவிய நல்ல கரி வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. முதல் பதினோரு நாள் கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கும் ஃபிகிலேவின் மகள் நொசிஃபோ, மூச்சிழுப்புக்காரி, முதல் தடவையாகப் படுத்துத் தூங்கினாள். இந்தக் கருவி நிலைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர ஃபிகிலேவுக்கு அதன் பிறகு வேறு நினைப்பே இல்லை.

பன்னிரண்டாம் நாள் துணி மறுபடி கறுத்தது. லாரி முதலாளி மசிலெலா வழியில் ஒரு கொட்டகையில் நல்ல கரியை இறக்கி விற்றுவிட்டு, கல்லை ஏற்றி, மேலே ஒரு முழம் கரியைப் பரப்பி அனுப்ப ஆரம்பித்திருந்தான். கரியைப் பொடிக்கும் உருளைகள் கல்லை அரைத்து உடைந்தன, சாம்பல் பெருகி வடிகட்டும் துணிப்பைகள் கிழிந்தன. பொறியாளர்கள் கருவியைத்தான் குறை சொன்னார்கள். ஃபிகிலே ஒரே நாளில் ஒன்பது லாரிகளைத் திருப்பியடித்தாள்; அவள் இல்லாத ராத்திரி முறையில் வந்தவை உள்ளே போயின.

மறுநாள் அவள் வீட்டு நாய் கழுத்தறுபட்டுக் கிடந்தது. அடுத்த வாரம் ஒரு டிரைவர், எல்லார் கண்ணெதிரிலும், மண்வெட்டிக் காம்பால் அவள் வலது மணிக்கட்டை உடைத்தான். காவலாளி குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். நான் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினேன். அடிபட்ட நான்காம் நாளே மாவுக்கட்டோடு வந்து இடது கையால் குழாய் குத்தினாள். பிறகு அவள் பைகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோன வண்டியைக் கொளுத்தினார்கள். ஓட்டினவன் முகம் வெந்து போயிற்று.

ஒருநாள் மசிலெலாவே வந்தான், எங்கள் இருவருக்கும் வறுத்த கோழியோடு.

"சிஸி, கரின்னா நாலு கல்லு கெடக்கத்தான் செய்யும். அதை நீயா திங்கப்போற?"

"நான் திங்கல, பாபா. எம் பொண்ணு திங்கிறா."

"பொண்ணுக்கு அம்மா வேணும்ல," என்று சொல்லிவிட்டு, கோழியை என் மேசையில் வைத்துப் போனான். நான் தின்றேன்.

எண்பத்திரண்டாம் நாள், நல்ல பகல். ஃபிகிலே லாரி மேல் நின்று குழாயை இறக்கிக்கொண்டிருந்தாள். டிரைவர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. திடீரென்று லாரியின் சரக்குப் பெட்டி சாய்ந்து மேலே எழும்பியது. அவள் ஓரக் கம்பியைப் பிடிக்கப் பார்த்தாள். மாவுக்கட்டுக் கை மடங்கவில்லை. முப்பது டன்னும் அவளோடு சரிந்து அவள் மேலேயே விழுந்தது. வெறுங்கையால் வாரினோம். என் நகங்கள் பிய்ந்தன. முகம் தெரிய அரை மணி நேரமாயிற்று, அது முகமாகவும் இல்லை.

போலீஸ் வருவதற்குள் குவியலை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மேலாளர் விபத்து என்றார். அந்த லாரியின் சீட்டை நீட்டினார். நான் 'ஏற்கப்பட்டது' என்று குத்திக் கொடுத்தேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். அதைச் சாக்காகச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்துக்கு முந்தின நாள் அவளுடைய அண்ணியும் நானும் அவளைக் குளிப்பாட்டினோம். கரி சரிந்து செத்தவர்களை இந்த ஊர்ப் பெண்கள் நிறையக் குளிப்பாட்டியிருக்கிறோம். எத்தனை தண்ணீர் மாற்றினாலும் கன்னங்கரேலென்றுதான் ஓடும். ஃபிகிலேவின் தலையிலிருந்து வெளிறிய மண்தண்ணீர் ஓடியது. முடியை அலச அலச, பேசின் அடியில் மணற்கல் தூளும் சில்லுமாகத் தங்கியது. அண்ணி கொட்டுவதற்கு எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

துணியில் வடித்து, உலர்த்தி, ஃபிகிலேவின் பைகளில் ஒன்றில் போட்டு, லாரி எண்ணும் தேதியும் எழுதி முத்திரை வைத்தேன்.

தொண்ணூறாம் நாள் கூட்டம். இந்தக் கருவி நம் நாட்டுக்குச் சரிப்படாது என்று அறிக்கை வாசித்தார்கள். மசிலெலா இரண்டாம் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். நான் எழுந்து போய்ப் பையை மேசை மேல் வைத்தேன்.

தலைமைப் பொறியாளர் பிரித்து, விரலில் தேய்த்து, பையில் எழுதியிருந்த லாரி எண்ணுக்குரிய சீட்டைக் கோப்பில் எடுத்துப் பார்த்தார். இதில் கரியே இல்லையே, சீட்டில் ஏற்கப்பட்டது என்று இருக்கிறதே என்றார்.

"அது என் முத்திரை, ஐயா. பொய் முத்திரை."

மசிலெலா காலை மடக்கிக்கொண்டான்.

"சரிம்மா, இதை லாரியில எந்த எடத்துலேர்ந்து எடுத்தீங்க?"

"லாரியிலேர்ந்து எடுக்கல. ஃபிகிலே தலைமுடியிலேர்ந்து எடுத்தேன்."