கம்லா தீதி திருத்திய கட்டுரை

எண்பதுகளில் வடக்கே, மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். காய்ச்சலில் கிடந்த என்னைப் பக்கத்து வீட்டு கம்லா தீதி, அதாவது கம்லா அக்கா, மூன்று நாள் கூடவே இருந்து கவனித்ததாக, ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு உருக்கமாக எழுதி அனுப்பினேன். உண்மையில் ஒரு கிண்ணம் கிச்சடி கொடுத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

அது அச்சில் வந்ததும் என் மகள் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"என்னைப் பத்தியா? படிச்சுச் சொல்லு" என்று இந்தியில் கேட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். மாற்றிச் சொல்லவும் துணிச்சலில்லை. எழுதியிருந்ததை அப்படியே இந்தியில் சொல்லி முடித்தேன்.

"அச்சா" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார்.

அடுத்த குளிர்காலத்தில் மறுபடியும் எனக்குக் காய்ச்சல். தலையணையும் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையுமாக தீதி வாசலில் வந்து நின்றார்.

"எதுக்கு தீதி இதெல்லாம்?"

"மூணு நாள்னு நீதானே எழுதினே?"

நான்காம் நாள்தான் வீட்டுக்குப் போனார். என் கட்டுரையில் இருந்த ஒரே பொய்யை அப்படித்தான் திருத்திக் கொடுத்தார்.