தேதி அக்காவின் ஆர்க்கிட் வார்டு

மருத்துவமனையில் அவளைத் தேதி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, துணியில் பொதிந்து, நீராவியில் வைத்து எடுக்கும் அறையில் அவளுக்குப் பத்தொன்பது வருடம். ஒவ்வொரு பொதியின் மேலும் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, மூடிய தேதியை எழுதினால்தான் அவளுக்கு மனம் ஆறும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. உப்பு டப்பாவில் தேதி, சோப்புப் பெட்டியில் தேதி.

"என் முதுகுலயும் ஒட்டியிருக்கா. காலாவதி தேதி மட்டும்தான் இன்னும் எழுதல" என்பார் அவள் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

அவள் மூடி அனுப்பிய பொதி ஒன்றுகூட சுத்தமில்லை என்று திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டுமே, உழைத்துச் சேர்த்த பெருமைதானே?

நாத்தனார் ஆர்க்கிட் கன்றுகள் வளர்த்து விற்கிறவள். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் முளைக்கவைத்த குட்டிக் கன்றுகளை வாங்கிவந்து, வெளியில் எடுத்து வளர்ப்பாள். குடுவைக்குள் சொகுசாக இருந்தவற்றில் சில, வெளிக்காற்று பட்டதும் துவண்டுவிடும். அப்படித் துவண்ட பன்னிரண்டு கன்றுகளைக் குப்பைக்கூடையில் போடப் போனபோது தேதி அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"குடு, நான் பாத்துக்கறேன்."

"அண்ணி, இது கத்தரிக்கோல் இல்ல, ஆவி காட்டினா பளபளன்னு வர்றதுக்கு. செடி!"

"கண்ணு தெரியுது எனக்கு. குடு."

ஒரு குடுவையை முழுசாக நம்பிக் கொடு, வீட்டில் வளர்த்துத் தருகிறேன் என்று ஒரு வருடமாகவே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கழுவிக் கழுவி அனுப்பிய கைக்கு, ஏதாவது ஒன்று தன்னிடமே இருந்து வளர்வதைப் பார்க்க ஆசை. நாத்தனார் ஒவ்வொரு முறையும் சிரித்து மழுப்பிவிடுவாள். அன்று மழுப்பவில்லை.

"சரி, மூணு மாசம். பன்னெண்டுல ஆறு பொழைச்சா அடுத்த குடுவை உங்களுக்கு. இல்லன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

கன்றுகள் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தன. வேர்கள் பழுப்பேறி, தொட்டால் நசுங்கின. ஒன்றுக்கு வேரே இல்லை, சுருங்கிய இலைகள் இரண்டு மட்டும். ஒவ்வொன்றையும் வெதுவெதுப்பான நீரில் அலசி, அழுகின வேரை பிளேடால் நறுக்கினாள். ஒரு கன்று முடிந்து அடுத்ததைத் தொடுமுன் பிளேடைத் தீயில் காட்டினாள். மண்ணுக்குப் பதில் ஆர்க்கிட் நடுகிற காய்ந்த பாசியைக் குக்கரில் ஆவி கட்டி, ஆறவைத்து, ஒட்டப் பிழிந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் பரப்பினாள். பன்னிரண்டையும் அதில் வரிசையாக உட்காரவைத்தாள். பிறகு, பத்தொன்பது வருடப் பழக்கம் விடுமா? மூடியைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் டேப் ஒட்டினாள். மேலே எழுதினாள்: மூடிய தேதி.

ஐந்தாம் நாள் பெட்டிக்குள் எங்கு பார்த்தாலும் நீர்த்துளிகள். மூன்று கன்றுகள் கூழாகிக் கிடந்தன. பாசியின்மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம்.

அவள் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எல்லாத்தையும் சுத்தமாத்தானே செஞ்சேன்? ஒரு தூசி உள்ள போக விடலையே?"

கணவர் குனிந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். "தூசி போகல, சரி. காத்து?"

"என்ன காத்து?"

"லிஃப்ட்டுல ஆள் மாட்டிக்கிட்டாகூட மூச்சு முட்டக் கூடாதுன்னு ஓட்டை விட்டிருக்கான். உன் பொட்டில எங்க விட்டிருக்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. கத்தரிக்கோலுக்குச் செய்கிற மரியாதையை அப்படியே கன்றுக்கும் செய்திருக்கிறாள். நாத்தனார் சொன்னதும் அதுதானே! வாய்விட்டு ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. "போய்க் கையைக் கழுவுங்க, கிரீஸ் கையோட பொட்டியத் தொடாதீங்க" என்றாள். அவர் புரிந்துகொண்டு சிரித்தார்.

அன்றே கன்றுகளைப் பிரித்து ஆளுக்கொரு ஐஸ்கிரீம் கப்பில் வைத்தாள். ஒன்றின் நோய் மற்றதற்கு வரக் கூடாது. மேலே தளர்வாக ஒரு மூடி. வேலைக்குப் போகுமுன் கால் மணி நேரம் திறப்பாள், வந்ததும் இன்னொரு கால் மணி நேரம். வாரம் கூடக்கூட நேரத்தையும் கூட்டினாள். வெயில் நேராகப் படாத ஜன்னலோரம்தான் வார்டு. பாசியை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே தண்ணீர். "நோயாளிக்கு விசிட்டிங் ஹவர்ஸ் முடிஞ்சுதா?" என்று கணவர் தினமும் கேட்பார்.

அப்படியும் இரண்டாம் மாதத்துக்குள் இன்னும் மூன்று போயின. மிச்சம் சரியாக ஆறு. இனி ஒன்று போனாலும் குடுவை இல்லை. அந்த ஆறில் வேரே இல்லாத அந்த மொட்டைக் கன்றும் ஒன்று.

மூன்று மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நேரே ஜன்னலுக்குப் போனாள். ஒவ்வொரு கன்றையும் இரு விரலால் பிடித்து மெல்ல அசைத்தாள். வேர் பிடித்திருந்தால் பாசியை விடாது. முதல் ஐந்தும் விடவில்லை. புது இலைகள் வேறு, பச்சைப்பசேலென்று.

ஆறாவது, மொட்டை. தொட்டதுமே ஆடியது.

"அண்ணி, இது சும்மா நட்டு வச்சிருக்கு."

"மேல இழுத்துப் பாரு."

"வந்துடும் அண்ணி. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"நான் சொல்றேன்ல, இழு."

நாத்தனார் இழுத்தாள். கன்றோடு சேர்ந்து கப்பும் மேலே வந்தது. பாசிக்குள் போகாமல் பக்கவாட்டில் ஓடிய ஒரே ஒரு வேர், பச்சை நுனியோடு, பிளாஸ்டிக் சுவரை அட்டை மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தது. கப் அந்தரத்தில் ஆடியது.

நாத்தனார் கப்பைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "அடப்பாவி" என்றாள் கன்றைப் பார்த்து. பிறகு அண்ணனைப் பார்த்து, "அண்ணா, உன் பொண்டாட்டி கைல மாட்டினா செத்ததுகூட எந்திரிச்சிடும் போல. ஜாக்கிரதையா இரு."

"எனக்கென்ன, இன்னும் காலாவதி ஆகலையே!"

நாத்தனார் கைப்பையைத் திறந்து, துண்டில் சுற்றிய கண்ணாடிக் குடுவை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே நாற்பது கன்றுகளாவது இருக்கும், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. தோற்றால் திரும்ப எடுத்துப் போவதற்கும் தயாராகத்தான் வந்திருக்கிறாள்.

தேதி அக்கா குழாயடிக்குப் போனாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வந்தாள். டேப்பில் ஒரு துண்டு கிழித்துக் குடுவைமேல் ஒட்டி, பேனாவை எடுத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, வேலையில் ஒருநாளும் எழுதாத ஒன்றை நிதானமாக எழுதினாள்: திறந்த தேதி.