இந்த ரவுண்டு முடியட்டும்

மலையில் ஏலக்காய் ஸ்டோரில் எனக்கு வேலை. ஸ்டோர் என்றால் பச்சைக் காயைக் காய வைக்கிற கட்டிடம். வெளியே அடுப்பு எரியும், சூடு குழாய் வழியாக உள்ளே ஓடும், தட்டுகளில் காய் பரப்பிக் கிடக்கும். ஒரு லோடு காய ஒரு நாள் ஆகும். சூடு கூடினால் காய் வெடிக்கும். குறைந்தால் பச்சை நிறம் போய்விடும். பதினெட்டு வருசத்தில் என் கையில் ஒரு லோடு கெட்டதில்லை. அந்தச் சோலியில் நான் எதையும் தள்ளிப்போட்டதில்லை.

என் வீட்டுக்காரியைப் போய்ப் பார்ப்பதை மூன்று வருசம் தள்ளிப்போட்டேன்.

அவளும் என்னோடு மலையில்தான் இருந்தாள். காய் எடுக்கிற வேலை. வலது முட்டி போய்விட்டது. சரிவில் ஏற முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. கீழே சிலமலை என்கிற ஊரில் அவள் தம்பி வீட்டை ஒட்டி ஒரு அறை சும்மா கிடந்தது. அவள் முதலில் போவது, நான் பின்னால் போவது என்று முடிவானது. எங்களுக்குள் சண்டை இல்லை. பிள்ளைகளும் இல்லை. துணிமூட்டையோடு ஜீப்பில் ஏற்றிவிட்டேன்.

"நீங்க எப்ப வர்றீக?"

"இந்த ரவுண்டு முடியட்டும். வந்துர்றேன்."

ஏலச்செடியில் காய் ஒரே தடவையில் முற்றாது. ஒரே சரத்தில் அடியில் முற்றின காய் இருக்கும், நடுவில் பிஞ்சு, நுனியில் பூ. முற்றினதை மட்டும் எடுத்துக்கொண்டு தோட்டத்தின் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள், முதலில் எடுத்த செடியில் அடுத்தது முற்றிவிடும். அப்படி ஒரு சுற்றுக்குப் பேர்தான் ரவுண்டு. ஆடியில் தொடங்கினால் தை, மாசி வரை ஓடும். பிறகு தண்ணீர் பாய்ச்ச வேண்டும். செடியின் அடியைச் சருகு போட்டு மூட வேண்டும். மழைக்கு முன்னால் ஸ்டோருக்கு விறகு அடுக்க வேண்டும். அடுக்கி நிமிர்ந்தால் மறுபடி ஆடி.

ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்வாள். தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். ஏறி நிற்பேன். எப்ப வர்றீக என்பாள். இந்த ரவுண்டு முடியட்டும் என்பேன். பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் நம்பித்தான் சொன்னேன்.

ஒரு வருசம் போனது. அதற்குப் பிறகு வேறொன்று சேர்ந்துகொண்டது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? பதில் கிடைத்ததும் போகலாம் என்று இருந்தேன். நாள் கூடக் கூட அந்தக் கேள்வியும் பெருத்தது. முதலில் வேலை இருந்ததால் போகவில்லை. பிறகு, போகாமல் இருந்ததாலேயே போகவில்லை.

ஒரு வேளை சமைத்து மூன்று வேளை தின்றேன். வேலையாட்கள் தங்குகிற லயத்தில் பக்கத்து அறைகள் காலி. லோடு இல்லாத சில நாள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடும். மறுநாள் யாராவது கூப்பிட்டு, பதில் சொல்லத் தொண்டை கரகரக்கும்போதுதான் அது தெரியும்.

மூன்றாம் வருசம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சாப்பிட்டீகளா, மழை உண்டா, வச்சுர்றேன். அவ்வளவுதான். ஒரு மாதம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த மாதம் பயம் வந்தது.

காய் மூட்டை ஏற்ற வருகிற ஜீப் டிரைவர் என்னைவிடச் சின்னவன், வாய் நிற்காது. ஒரு நாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, நேத்து சிலமலைப் பக்கம் போனேன். அண்ணியப் பாத்தேன். ஒன்னையப் பத்தி ஒண்ணுமே கேக்கல."

"என்ன கேக்கணும்?"

"உசுரோட இருக்கியான்னாச்சும் கேக்கலாம்ல."

"இந்த ரவுண்டு முடியட்டும்டா. போகணும்."

மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "ஏலச்செடி எங்கயாச்சும் 'போதும்ப்பா, முடிச்சுக்கிறேன்'னு சொல்லிப் பாத்திருக்கியாண்ணே? செடி சாகணும், இல்ல நீ சாகணும். அப்பத்தான் ரவுண்டு முடியும்."

நான் கட்டி முடித்திருந்த மூட்டை வாயை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் இருக்கிற போடிக்கு இறங்கினேன். சவரம் செய்துகொண்டேன். பஸ் ஸ்டாண்டில் தேவாரம் பஸ் நின்றது. அதில் ஏறினால் சிலமலையில் இறங்கலாம். கண்டக்டர் ஏறு ஏறு என்றார். ஒரு டீ குடித்துவிட்டு அடுத்ததில் போகலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்தது வருவதற்குள் ஆரஞ்சு வாங்கினேன். மூன்று வருசம் கழித்து வெறும் பழத்தோடா போவது என்று ஜவுளிக்கடைக்குள் நுழைந்தேன். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கடைக்காரர் கேட்டார். தெரியவில்லை. வெளியே வந்துவிட்டேன். பஸ்கள் வந்தன, போயின. நாலு மணிக்கு மலைக்குப் போகிற ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். வளைவுக்கு ஒன்றாக ஆரஞ்சு எல்லாவற்றையும் நானே தின்று தீர்த்தேன்.

அன்றுதான் விளங்கியது. அன்று ஸ்டோரில் லோடு இல்லை. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அப்படியும் போகவில்லை. ஆகவே வேலை காரணம் இல்லை. கீழே போனால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. மேலே, காயைத் தட்டிலிருந்து இறக்கலாமா என்று என்னைக் கேட்டுத்தான் இறக்குவார்கள். கீழே மச்சினன் வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள். அதோடு, அவள் இப்படிக் கேட்பாள், நான் இப்படிச் சொல்வேன் என்று மனதுக்குள் இருபது தடவை பேசிப் பார்த்தே பஸ்ஸை எல்லாம் விட்டுவிட்டேன். அடுப்பு பற்ற வைக்கும்போது நாளைக்குக் காய் எப்படி இருக்கும் என்று யோசிப்பதில்லை. ஒரு விறகு வைப்பேன். சூடு பார்ப்பேன். பிறகு இன்னொன்று.

மறு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. புதன்கிழமை, ரவுண்டு பாதியில் இருந்தது. ஸ்டோரில் கூட வேலை செய்கிற ஆளிடம் அடுப்பை ஒப்படைத்தேன். டிரைவரிடம் சொன்னேன்.

"என்னையப் போடியில எறக்காத. நேரா சிலமலையில கொண்டு போயி விடு. நடுவுல எறங்குறேன்னு சொன்னாலும் நிப்பாட்டாத."

"அழுதாலும் நிப்பாட்ட மாட்டேண்ணே."

போடி வந்ததும், "ஒரே ஒரு டீ..." என்றேன். அவன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

அவள் அறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கம்பு. மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

"வாங்க."

தண்ணீர் எடுக்க எழுந்தாள். சுவரைப் பிடித்து இரண்டு தடவை முயன்றுதான் எழ முடிந்தது. கை கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

"ஆஸ்பத்திரியில காட்டுனியா?"

"ஆப்ரேசன் பண்ணணும்னாக. கூட இருக்க ஆளு வேணுமாம். தம்பிக்குக் காட்டுச் சோலி. அவன் பொண்டாட்டி கையில பச்சப்பிள்ள."

"எப்பச் சொன்னாக?"

"போன வருசம். ஆளு வரட்டும்னு சொல்லிட்டு வந்தேன்."

"போன்ல சொல்லவே இல்லையே."

"சொன்னா, ரவுண்டு முடியட்டும்பீக. அதையும் ஏன் கேக்கணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. இந்த வருசம் மழை கம்மி என்பதுபோலச் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எதிரே உட்கார்ந்து ஒரு கை மொச்சை எடுத்து உரித்தேன்.

"எத்தனை நாளைக்கு வந்திருக்கீக?"

மலையில் இரண்டு நாள் என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தேன். எழுந்து தெருப்பக்கம் போய் முதலாளிக்குப் போன் போட்டேன்.

"நடு ரவுண்டுல இப்படிச் சொன்னா எப்படிப்பா? முடிச்சுக் குடுத்துட்டுப் போயேன்."

"வேற ஆளு பாத்துக்கங்க மொதலாளி."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். வைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். சின்ன ஊர், சின்னத் தெரு, அவளுக்குக் கேட்டிருக்கும். ஒருத்திக்கு வடித்த சோற்றை இரண்டாகப் போட்டாள். எனக்கு வாசல் பக்கம் பாய் விரித்தாள், தான் சுவரோரம் படுத்தாள். வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஒரே அறையில் இரண்டு பேரும் தனியாக இருந்தோம்.

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"ம்" என்றாள்.

முதல் பஸ்ஸில் போனோம். ஏறும்போது கை கொடுத்தேன். கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து அவளே ஏறினாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"ஆப்ரேசன்னா கூட ஒரு ஆள் இருக்கணும்மா. யாரு வந்திருக்கா?"

"வீட்டுக்காரர்."

"கடைசி வரைக்கும் இருப்பாரா? பாதியில போயிருவாரா?"

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"இருப்பேன்" என்றேன்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். வரிசையில் போய் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள்.