அம்மாவுக்குப் பல் பிடுங்கப் போனது

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குப் பல் தகராறு. எனக்குப் பால்பல் விழுந்தது. அம்மாவுக்குச் சளியோடு சேர்ந்து மேல்பல்லும் விண்விண்ணென்று தெறித்தது. என் பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்த அனுபவம் இருந்ததால், பல் விஷயத்தில் நான்தான் பெரிய ஆள் என்ற நினைப்பு எனக்கு.

அம்மாவுக்கு ஏரியில் கையால் இறால் பிடிக்கும் வேலை. குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். இறாலைப் போடும் ஓலைக்கூடைக்குப் பறி என்று பெயர். அதன் கயிற்றைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். வலி தாடைக்கும் இறங்கியதில் அம்மாவால் கடிக்க முடியவில்லை. பறியை இடுப்பில் கட்டிப் பார்த்தாள். குனிந்ததும் அது தண்ணீரில் அமிழ்ந்து, பிடித்ததெல்லாம் தப்பித்துப் போனது.

"புடுங்கிப் போட்டுட்டு வாயேன், சும்மா அவஸ்தப்பட்டுக்கினு" என்றார் நைனா. அம்மாவோ கிராம்பை அடக்கிக்கொண்டு நாளைக் கடத்தினாள். சரியான பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். "கூரைல எறிஞ்சா திரும்ப மொளைக்கும்மா" என்று தைரியம் வேறு சொன்னேன்.

கடைசியில் பொன்னேரிக்குப் பஸ் ஏறினோம். பல் டாக்டரம்மா ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்து மேல்பல் எல்லாமே வலித்தது.

"குனிஞ்சா ஜாஸ்தியாகுதா?"

"குனியாம எனக்கு இன்னா வேலம்மா கீது?"

அவர் சிரித்துவிட்டு, படம் எடுத்துப் பார்த்தார். "பல்லு நல்லாத்தான் இருக்கு. கன்னத்து எலும்புக்குள்ள சளி கட்டி அழுத்துது. அதான் பல்லும் தாடையும் வலிக்குது."

"அப்போ புடுங்க வேணாமா?" அம்மா நம்பாமல் இன்னொரு தடவையும் கேட்டாள்.

கேட்டபடி பிடுங்கி அனுப்பியிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த மகராசி நன்றாக இருக்க வேண்டும். அதற்கப்புறம் அம்மா கடித்துச் சுமந்த பறியில்தான் நான் படித்து முடித்தேன்.

மாத்திரையிலும் ஆவி பிடித்ததிலும் வலி வடிந்தது. மறுபடி டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, பஸ் திருப்பாலைவனம் தாண்டியதும், அம்மா வெங்காயம் வாங்கிய பையின் காதைப் பல்லால் கடித்துக்கொண்டு கையை விட்டாள். பை அவள் தாடைக்குக் கீழே ஆடியது. கண்டக்டர் முதற்கொண்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வுடும்மா, எல்லாரும் பாக்கறாங்க."

அவள் விடவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்கு மானம் போயிற்று. இதற்கு அந்தப் பல்லைப் பிடுங்கியே தொலைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.