பதினொரு சொட்டு

அந்த மருந்துக் குப்பியின் அடியில் காலாவதித் தேதி அச்சிட்டிருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். தேதி கடந்து ஏழு மாதமான பிறகும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே குப்பியைத்தான் எடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவது எதற்கும் தெரியாமல் நடந்த தவறு என்ற சாயல் வந்துவிடக் கூடாது.

சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு முன்னறையில் நான்கடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. வடிகட்டிய தண்ணீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்து, விளக்கும் நீரோட்டமும் கொடுத்து அதில் பவளம் வளர்க்கிறேன். கடலில் பிடுங்கியவை அல்ல. யாரோ தொட்டியில் வளர்த்து வெட்டிக் கொடுத்த விரல் நீளத் துண்டுகள். பவளம் தன் எலும்பைக் கட்டிக்கொள்ளத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் காரத்தன்மையையும் எடுத்துக்கொண்டே இருக்கும். எடுத்த அளவை நாம் திருப்பிப் போட வேண்டும். காரத்தன்மையை அளக்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. ஐந்து மில்லி தொட்டித் தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாகும்வரை எண்ண வேண்டும். எட்டு, ஒன்பது சொட்டில் மாறினால் தண்ணீர் சரியாக இருக்கிறது. எண் என்னவாக இருந்தாலும் அது சட்டென்று ஏறக் கூடாது, இறங்கக் கூடாது.

இருபது ஆண்டுகள் பத்திரிகையின் செய்தி மேசையில் இருந்தவன் நான். நிருபர் அனுப்பும் எண்ணைச் சரிபார்க்காமல் அச்சுக்கு விட மாட்டேன் என்று பெயர் வாங்கியிருந்தேன். தொட்டியின் அளவுகளையும் தேதிவாரியாக நோட்டில் எழுதிவைத்தேன். சேலம், நாமக்கல் பக்கம் இப்படித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு; பதினேழு பேர். நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். கேட்காத வாரங்களிலும் அனுப்பினேன்.

சேலத்தை அடுத்த நெசவு ஊரான இளம்பிள்ளையிலிருந்து ஒருவர் அந்தக் குழு வழியாகத்தான் அறிமுகமானார்; இளம்பிள்ளைக்காரர் என்போம். நூலுக்குச் சாயமேற்றும் பட்டறை வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நகக்கண்களில் எப்போதும் கருநீலம் இருக்கும். முதல் முறை வந்தபோது தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டை வாங்கி வெகுநேரம் புரட்டினார். தண்ணீரும் சாயத்தில் சேர்க்கும் சோடாவும் சிறிது பிசகினாலும் ஒரு சேலைக்கான நூல் முழுவதும் வீணாகும் தொழில் அவருடையது. வீட்டில் தொட்டி வைத்ததற்கு மனைவி செய்யும் கேலியைச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஊட்டுக்குள்ள கடலக் கொண்டாந்துட்டீங்க, கப்பல் எப்ப வருதுன்னு கேக்கறாளுங்க சார்.”

தனக்கும் ஒரு சோதனைப் பெட்டி வாங்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், ஞாயிறுதோறும் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவாருங்கள், நானே பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதை உதவி என்று நினைத்தேன். வாரம் தவறாமல் ஒருவர் பாட்டிலோடு என் வாசலில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் சரியான வாக்கியம்.

ஒன்றரை ஆண்டில் அவரிடம் ஒன்பது பவளத் துண்டுகள் சேர்ந்தன. ஒரு கோடை ஞாயிறன்று அவருடைய தண்ணீர் ஏழு சொட்டிலேயே மஞ்சளானது. குறைவு, பத்து நாளில் ஒன்பதுக்கு ஏற்றுங்கள் என்று சொல்லி, தினம் எத்தனை கிராம் சமையல் சோடா என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நடுவில் வந்த ஞாயிறு பட்டறை வேலையால் அவர் வரவில்லை. எட்டாம் நாள் போன் செய்தார். துண்டுகளின் நுனி வெளுக்கிறதாம். வளரும் நுனி அப்படித்தான் இருக்கும் என்று, பார்க்காமலே பதில் சொன்னேன். அடுத்த ஞாயிறு தண்ணீர்ப் பாட்டிலோடு ஈரத் துணியில் ஒன்றைச் சுற்றி எடுத்துவந்தார். சதை முழுவதும் உரிந்து வெறும் எலும்பாக இருந்தது. மற்ற எட்டும் அப்படியே என்றார்.

அன்று குழுவிலிருந்து நான்கு பேர் என் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்க அவர் தண்ணீரைச் சோதித்தேன். ஒன்பது சொட்டு. நான் சொன்ன எண் அப்படியே வந்திருந்தது. ஆகவே பிழை வேறெங்கோ இருக்க வேண்டும்.

“பட்டறைச் சோடாவைப் போட்டிருப்பீங்க,” என்றேன்.

“இல்லீங்க சார். செவ்வாய்ப்பேட்டையில நீங்க சொன்ன சோடாவத்தானுங்க வாங்கினேன். பட்டறையில இருந்து ஒரு சிட்டிக எடுக்கலீங்க.”

“கைப்பழக்கம். தெரியாம எடுத்திருப்பீங்க.”

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர், “பவளத்துக்கும் சாயம் ஏத்திப்போட்டாருங்க. வெள்ளச் சாயம்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இளம்பிள்ளைக்காரர் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டதைப் பார்த்தேன். இப்படிப்பட்டவற்றைக் கவனிக்கப் பழகிய கண் என்னுடையது. கவனித்தேன், அவ்வளவுதான். அன்று மாலை குழுவில் ஓர் எச்சரிக்கை எழுதினேன்: தொழிற்சாலைச் சோடாவைத் தொட்டியில் போடாதீர்கள், நம் உறுப்பினர் ஒருவர் அனைத்தையும் இழந்திருக்கிறார். பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மருந்து தீர்ந்துபோகும் நிலையில் புதிய பெட்டி வாங்கினேன். என் தொட்டித் தண்ணீரில் புதிய மருந்தை விட்டேன். எட்டாவது சொட்டில் நிறம் மாறவில்லை. பதினொன்றில் மாறியது. புதியதுதான் கோளாறு என்று நினைத்தேன். பழைய குப்பியில் மீதமிருந்ததை விட்டேன், எட்டு. சோடாவை எடைபோட்டு, எத்தனை சொட்டு வர வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு கரைசல் தயாரித்து இரண்டிலும் பார்த்தேன். புதியது சரியாகச் சொன்னது. பழைய குப்பியின் மூடியில் மயிரிழை போல ஒரு விரிசல். உள்ளிருந்த நீர் மாதக்கணக்கில் ஆவியாகி மருந்து கெட்டிப்பட்டு, குறைந்த சொட்டிலேயே நிறம் மாறியிருக்கிறது.

அப்படியானால் அவர் கொண்டுவந்த ஏழு, உண்மையில் கிட்டத்தட்ட பத்து. குறைவே இல்லாத தண்ணீரை நான் பன்னிரண்டுக்கும் மேலே ஏற்றச் சொல்லியிருக்கிறேன், அதுவும் பத்து நாளில். அவர் ஒரு கிராம் பிசகாமல் செய்தார். பிசகியிருந்தால் ஒன்றிரண்டு பிழைத்திருக்கும்.

அதன் பிறகு நாற்பது நாள் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாதக்கணக்கில் சிறுகச் சிறுக ஏறியதால் தாங்கிக்கொண்ட என் தொட்டியை மட்டும் மெல்ல மெல்ல இறக்கிச் சரிசெய்தேன். நோட்டின் படம் கேட்டவர்களிடம் வேலை அதிகம் என்றேன். பத்திரிகையில் மறுநாளே திருத்தம் போட வேண்டும் என்பது விதி. உள்பக்கத்தின் அடியில் நான்கு வரி. எது தவறு என்று யாருக்கும் விளங்காதபடி அந்த நான்கு வரியை எழுதித் தருவதில் நான் கெட்டிக்காரன்.

பிறகு ஒருநாள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எந்தச் சோடா வாங்கலாம் என்று கேட்டார். எது வேண்டுமானாலும் போடுங்கள், இளம்பிள்ளைச் சோடா மட்டும் வேண்டாம் என்று பண்ணைக்காரர் பதில் போட்டார். அடியில் சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்தன. இளம்பிள்ளைக்காரர் என்ன சொல்கிறார் என்று தேடினேன். அவர் குழுவில் இல்லை. என் எச்சரிக்கை வந்த மாலையே வெளியேறியிருக்கிறார். இத்தனை நாள் அதைக்கூட நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பழைய குப்பியையும் புதிய பெட்டியையும் எடுத்துக்கொண்டு வண்டியில் இளம்பிள்ளைக்குப் போனேன். பக்கத்து வீடுகளில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் தொட்டியில் விளக்கு எரிந்தது. பாறைகளும் ஒரே ஒரு மீனும் இருந்தன. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். காலாவதித் தேதியைப் படித்திருந்தது முதல் நாற்பது நாள் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பழைய குப்பியை வாங்கி, மூடியைத் திருப்பி, விரிசலை நகத்தால் தடவிப் பார்த்தார்.

“நாலு பேரு முன்னாடி சொன்னீங்க,” என்றார். “இப்பத் தனியா வந்து சொல்றீங்களே சார்.”

செல்போனை எடுத்துக் குழுவுக்கு அங்கேயே எழுதினேன். அனுப்புமுன் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்: சோதனைப் பெட்டியில் ஏற்பட்ட கோளாறு காரணமாக முன்பு தெரிவித்த அளவுகள் தவறாக இருந்திருக்கலாம்.

கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி கேட்டார்: “ஏனுங்க, பொட்டியா தப்புப் பண்ணிப்போடுச்சு?”

அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். என் மருந்து காலாவதியானது. தெரிந்தே பயன்படுத்தினேன். அவர் சோடாவில் குற்றமில்லை. நான் சொன்ன அளவால்தான் அவருடைய பவளங்கள் செத்தன. பலர் முன்னால் அவர்மேல் பழி போட்டேன். படித்துக் காட்டினேன். அவர் தலையசைத்தார். அனுப்பினேன். சிலர் கட்டைவிரல் போட்டார்கள். பண்ணைக்காரர் படித்ததாக மட்டும் காட்டியது. குழுவில் மறுபடி சேரச் சொல்லலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

புதிய பெட்டியை அவரிடம் கொடுத்தேன். தொட்டியிலிருந்து ஐந்து மில்லி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசையச் சொட்டுகளை எண்ணினார். நிறம் மாறியதும் குப்பியின் மூடியை இறுக்கி, ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கசிகிறதா என்று பார்த்தார். சுவரிலிருந்த மாதக் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் பென்சிலால் எண்ணைக் குறித்தார். அவர் முதுகு மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை. எத்தனை என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.